ஏழாவது லெவல் வெளிச்சம்

மும்பை செம்பூரில் ஒரு மாலின் மூன்றாவது மாடியில் கேம் ஸோன் இருக்கிறது. அங்கே முப்பத்திரண்டு மெஷின்களுக்கு நான் ஒருத்தன்தான் மெக்கானிக். பெரிய படிப்பெல்லாம் கிடையாது. ஐடிஐ முடித்து டிராம்பேயில் மூன்று வருடம் மோட்டார் காயில் சுற்றினேன், அப்புறம் இங்கே வந்துவிட்டேன். துப்பாக்கி விசை சிக்கினால் எடுத்துவிடுவேன், பைக் மெஷினில் பிரேக் போனால் மாட்டுவேன், கார்டு தேய்க்கிற இடத்தில் பிள்ளைகள் ஒட்டிவிட்டுப் போகும் சூயிங்கத்தைச் சுரண்டுவேன். வெளியே கேட்டால் மாரிசெல்வம், டெக்னீஷியன் என்று சொல்லிக்கொள்வேன்.

முப்பத்திரண்டில் ராஜா என்றால் ராக்கெட்தான். மெஷினின் நெற்றியில் ‘ஜீட்டா ஸ்குவாட்ரன்’ என்று பெயர் மின்னும். அந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. இரண்டு பேர் உட்காருகிற கூண்டு அது. உள்ளே ஏறிவிட்டால் எதிரே வானவெளி, நாம் ஒரு விண்கலத்தில். எதிரிக் கப்பல்கள் பத்து, இருபது, ஐம்பது என்று வந்துகொண்டே இருக்கும். சுட்டுக்கொண்டே இருக்க வேண்டும், யோசிக்கிறவன் காலி. முதல் லெவலைப் பொடிசுகள்கூடத் தாண்டிவிடும். மூன்றாவதில் அவர்களின் அப்பன்மார் அவுட். ஏழாவது லெவலில் ஒரு தாய்க்கப்பல் வரும். அதற்கு அடி விழும்போதெல்லாம் திரை முழுக்க வெள்ளை, சிவப்பு, வெள்ளை, சிவப்பு என்று வெட்டும். கூண்டுக்குள் இருக்கிற விளக்குகளும் சேர்ந்து வெட்டும். கண்ணை மூடினாலும் இமைக்குள் அது நிற்காது.

ஆட்டம் தொடங்கும் முன் பன்னிரண்டு விநாடி ஒரு எச்சரிக்கை ஓடும். வலிப்பு உள்ளவர்களுக்கு இந்த வெளிச்சம் ஆகாது, விளையாட வேண்டாம் என்று இங்கிலீஷில் பொடி எழுத்தில் வரும். கார்டு தேய்த்தவன் அதுவரை பொறுப்பானா? கூண்டை உதைப்பான். நான்தான் மெனுவுக்குள் போய் அந்த எச்சரிக்கையை அணைத்தேன். வெளிச்சத்தைக் குறைக்கவும் அதே மெனுவில் வழி உண்டு. நான் குறைக்கவில்லை. எஸ்கலேட்டரில் ஏறுகிறவனை உள்ளே இழுப்பதே அந்த வெளிச்சம்தான். இது யாரும் சொல்லிச் செய்ததில்லை, என் சொந்தப் புத்தி.

விஜயராணி என் தங்கை. என்னைவிட எட்டு வயது சின்னவள், இருபத்தொன்று முடிந்திருந்தது. ஸோனில் பரிசு கவுண்டரில் நான்தான் அவளைச் சேர்த்துவிட்டேன். பிள்ளைகள் ஜெயித்த டிக்கெட்டை வாங்கிக்கொண்டு பென்சிலோ பொம்மையோ எடுத்துக் கொடுக்கிற வேலை. மால் திறப்பது பதினொரு மணிக்கு. நாங்கள் தாராவியிலிருந்து பஸ் பிடித்து ஒன்பதரைக்கே போய்விடுவோம். திறப்பதற்குள் எல்லா மெஷினையும் யாராவது ஒரு ஆட்டம் கடைசிவரை ஆடிப் பார்த்துவிட வேண்டும், அது ஸோனின் சட்டம். ராக்கெட்டைக் கடைசிவரை ஆட என்னால் ஆகாது. நாலாவது லெவலிலேயே பஞ்சராகிவிடுவேன். அதனால் அது ராணியின் வேலையாயிற்று.

வீட்டில் அவளைப் போல ஒரு மந்தம் கிடையாது. தலை சீவ அரைமணி நேரம், ஒரு தம்ளர் கழுவக் கால்மணி நேரம். அம்மா திட்டிக்கொண்டே இருப்பாள். அதே பெண் கூண்டுக்குள் உட்கார்ந்தால் வேறு ஆள். முதுகு நிமிர்ந்துவிடும், கீழுதட்டைக் கடித்துக்கொள்வாள், இரண்டு கையும் தனித்தனி ஆளுடைய கைபோல வேலை செய்யும். கப்பல் திரைக்குள் வருவதற்கு முன்னாலேயே அது வரப்போகிற இடத்தில் சுட்டிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை அணுசக்தி நகரிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாக வந்து “தீதி, ஏக் மேட்ச்” என்று, அக்கா ஒரே ஒரு ஆட்டம் என்று கெஞ்சுவார்கள். எல்லாரையும் தோற்கடிப்பாள். சிரிக்காமல் “ஃபிர் ஆனா”, மறுபடி வா என்று அனுப்பிவைப்பாள். மெஷினில் முதல் பத்து ஸ்கோரும் அவளுடையது. எனக்குப் பெருமை தாங்காது.

ஜூன் கடைசியில் ஒரு வியாழக்கிழமை காலை. நல்ல மழை. சயானில் தண்ணீர் நின்றதால் பாதித் தூரம் நடந்தே வந்தோம். அவள் ராக்கெட்டில் ஏறினாள், நான் பக்கத்து மெஷினைத் திறந்து வைத்திருந்தேன். ஏழாவது லெவல் வந்தது கூண்டு வெட்டுகிற வெட்டில் தெரிந்தது. திடீரென்று சுடுகிற சத்தம் மட்டும் நின்றது. எட்டிப் பார்த்தேன். ராணி விறைத்துப்போய் இருந்தாள். கண் மேலே சொருகி, தாடை ஒரு பக்கமாக இழுத்து, கையும் காலும் உதறிக்கொண்டிருந்தன. வாய் ஓரத்தில் நுரை. நான் கத்திய கத்தலில் மேனேஜர் மன்சூர் அலி ஆபீசிலிருந்து ஓடிவந்தார். அவர்தான் அவளை இறக்கித் தரையில் ஒருக்களித்துப் படுக்கவைத்தார். இரண்டு நிமிடத்தில் உதறல் நின்றது. கால்மணி நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து “ஜெயிச்சாச்சாண்ணே?” என்று கேட்டாள்.

அவள் முகம் கழுவப் போனதும் மன்சூர் அலி என்னைத் தனியாக அழைத்தார். “செல்வம், யே சக்கர் நஹி ஹை. மிர்கி ஹை. மேரே சாச்சா கோ தி. டாக்டர் கோ திகா” என்றார். மயக்கமில்லை இது, வலிப்பு, என் சித்தப்பாவுக்கு இருந்தது, டாக்டரிடம் காட்டு என்று அர்த்தம். மாத்திரை போட்டால் அடங்கிவிடும் என்றும் சொன்னார். நல்ல மனிதர். அவர் சொன்னதை நான் கேட்டிருந்தால் ராணி இன்றைக்கும் யாரையாவது தோற்கடித்துக்கொண்டிருப்பாள்.

கேட்கவில்லை. ராணிக்கு நிச்சயம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை சுரேந்திரன், நெருளில் லிப்ட் மெக்கானிக், ஆவணியில் கல்யாணம். எங்கள் சந்தில் வலிப்பு என்று ஒரு வாய் சொன்னால் போதும், அடுத்த லோக்கல் ரயிலில் அந்தச் சொல் நெருளில் போய் இறங்கிவிடும். அதற்கப்புறம் ராணியைப் பெண் கேட்டு ஒருத்தன் வாசலை மிதிக்க மாட்டான். கல்யாணம் முடியட்டும், பிறகு நைசாக டாக்டரிடம் கூட்டிப்போகலாம் என்று திட்டம் போட்டேன். அன்றைக்கு என்னை நானே பெரிய கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டேன்.

அவளிடம், “காலைல சாப்பிடாம வந்தெல்லா, அதான் மயக்கம்” என்றேன். நம்பினாள். ராக்கெட்டில் போர்டு கோளாறு, தொடாதே என்றேன். அதை நம்பவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அம்மாவிடம் நான் மூச்சு விடவில்லை. அம்மா முருகம்மாள், அப்பா போன பிறகு ஒரு முறுக்குப் பட்டறையில் வேலை பார்த்து எங்களை ஆளாக்கியவள். மகள் கல்யாணம் என்ற ஒரே நினைப்பில் திரிந்தவளிடம் இதைப் போய் எப்படிச் சொல்வது?

ஆடி முதல் வெள்ளி சாயங்காலம், எங்கள் சந்தில் அம்மன் கோயிலில் பூஜை. உறுமி முழங்கியது. சீரியல் பல்புகள் அணைந்து அணைந்து எரிந்தன. ராணி முன்வரிசையில் நின்றாள். சட்டென்று விறைத்தாள், சாய்ந்தாள், உதற ஆரம்பித்தாள். “தாயே! எங்கம்மா வந்துட்டா!” என்று ஒரு குரல் கிளம்பியது. அவ்வளவுதான், பெண்கள் எல்லாரும் குலவை போட்டார்கள். பூலோகம் பெரியப்பா விபூதித் தட்டோடு வந்தார். முப்பது வருடமாக அந்தக் கோயிலில் சாமியாடுகிறவர், அவர் சொல்லுக்குச் சந்தில் மறுசொல் கிடையாது.

உதறல் நின்று அவள் அரைமயக்கத்தில் கிடந்தபோது குனிந்து, “வந்திருக்கது யாரு? என்ன வேணும், சொல்லு தாயி” என்று கேட்டார். ராணியின் உதடு அசைந்தது. “இன்னும் வருது... எடது பக்கம் பாரு... இன்னும் வருது” என்று முனகினாள். கூட்டம் சிலிர்த்துப்போய்த் தரையில் விழுந்து கும்பிட்டது. நான் மூன்றடி தூரத்தில் நின்றிருந்தேன். அவள் எங்கே இருக்கிறாள் என்று அந்தக் கூட்டத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். ஏழாவது லெவலில் இருந்தாள். அம்மா அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அழுதாள். நானும் கும்பிட்டேன்.

அதற்கப்புறம் எல்லாம் தானாக நடந்தது. அம்மன் இறங்கிய பெண் கல்யாணத்துக்கு முன்னால் தீச்சட்டி எடுத்தாக வேண்டும், இல்லையென்றால் தெய்வக் குற்றம் என்றார் பூலோகம் பெரியப்பா. கோயில் திருவிழாவான கொடைக்கு எட்டு நாள் முன்னால் காப்புக் கட்டினார்கள். ஒருநேரச் சாப்பாடு, பாய்கூட இல்லாமல் கோயில் கூடத்தில் படுக்கை, விடிய விடிய மேளம். நெருளிலிருந்து சுரேந்திரனின் அம்மா வந்து, மருமகளாகப் போகிறவளின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பார்த்தாயா, மறைத்தது நல்லதாகப் போயிற்று என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது. அதை நினைத்தால் இப்போது என் மேலேயே காறித் துப்ப வேண்டும்போல் இருக்கிறது.

காப்புக் கட்டுவதற்கு முந்தின நாள் மத்தியானம், ஸோனில் கூட்டமில்லாத நேரம், ராணி கவுண்டருக்குப் பின்னால் என்னை நிறுத்தினாள்.

“ண்ணே, ஒண்ணு கேப்பேன். பொய் சொல்லக் கூடாது.”

“கேளு.”

“எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல. கோயில்ல நின்னேன், அப்புறம் அம்மா மடியில கெடக்கேன். அன்னிக்கு ராக்கெட்லயும் இப்பிடித்தான இருந்திச்சு? ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கு. எனக்குப் பயமா இருக்குண்ணே. நெசமாவே சாமிதானா?”

அவள் கேட்டுவிட்டாள். நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. என் போனில் எல்லாம் படித்து வைத்திருந்தேன், பட்டினி ஆகாது, தூக்கம் கெடக் கூடாது, வெட்டுகிற வெளிச்சம் ஆகாது என்று. அவள் கண் என் முகத்தை விட்டு அகலவில்லை.

“சாமிதாம்ளா” என்றேன். “பெரியப்பா சொன்னாவல்லா. நீ என்னத்தையாவது போட்டுக் கொழப்பாத.”

“அப்பச் சரி” என்றாள். அவள் முகம் தெளிந்துவிட்டது. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

என்னால் ஆனது என்று அம்மாவிடம் ஒருதடவை சொல்லிப் பார்த்தேன். “கல்யாணப் பிள்ள, ஒடம்பு தாங்காதும்மா. வெரதத்தக் கொறச்சுக்கிடலாம்லா” என்றேன். “அம்மன் காரியத்துல வாய வைக்காதல” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். யாருக்கும் தெரியாமல் ராணிக்கு வாழைப்பழமும் பாலும் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாலை மட்டும் குடித்தாள். பழம் வேண்டாம், நேர்ச்சை கெட்டுவிடும் என்றாள்.

கொடை ஞாயிற்றுக்கிழமை. பகல் பன்னிரண்டு மணிக்கு ஊர்வலம் கிளம்பியது. மழைக்காக எங்கள் சந்து முழுக்க நீலத் தார்ப்பாய் இழுத்துக் கட்டியிருந்தார்கள், பட்டப்பகலிலும் உள்ளே இருட்டு. முன்னால் தள்ளுவண்டியில் டிஜே பெட்டிகளும் அவற்றின் மேல் வரிசையாக வெட்டு விளக்குகளும். பையன்கள் ஆடிக்கொண்டு போனார்கள். வண்டிக்குப் பின்னால் மஞ்சள் சேலையில் ராணி, இரண்டு கையிலும் வேப்பிலைமேல் ஏந்திய தீச்சட்டி. எட்டு நாளில் பாதியாகியிருந்தாள். அம்மா அவளுக்கு வலப்பக்கம். நான் பத்தடி முன்னால் வழிவிலக்கிக்கொண்டு நடந்தேன், ஐந்தடிக்கு ஒருதரம் திரும்பிப் பார்த்தேன். விளக்கை அணைக்கச் சொல்லி டிஜேக்காரனிடம் போய்க் கத்தினேன். அவனுக்குக் கேட்கவில்லை. இரண்டாவது தடவை கத்துவதற்கு முன் திரும்பிப் பார்த்தபோது அவள் கண் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது.

எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. “புடிங்க, வலிப்பு!” என்று கத்தியிருந்தால் பக்கத்தில் நின்ற பத்துப் பேரும் சட்டியைத் தட்டிவிட்டு அவளைப் பிடித்திருப்பார்கள். சுரேந்திரன் அங்கேதான் நின்றான். அவன் அம்மாவும் நின்றாள். வார்த்தை என் தொண்டைவரை வந்தது. நான் அதை விழுங்கினேன்.

“அம்மன் எறங்கிட்டா! வெலகுங்க, வெலகுங்க!” என்று பூலோகம் பெரியப்பா கையை விரித்தார். கூட்டம் மரியாதையாகப் பின்வாங்கி வட்டமாக இடம் விட்டது. அந்த வட்டத்துக்கு நடுவில் ராணி தனியாக உதறினாள், தனியாக விழுந்தாள். சட்டி அவள் நெஞ்சின் மேல் கவிழ்ந்தது. குலவைச் சத்தம் ஓங்கியது. எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். நான் வட்டத்துக்குள் ஓடினேன், ஆனால் சேலை பற்றிய பிறகுதான் ஓடினேன். வெறும் கையால் அணைத்தேன். யாரோ ஒரு டிரம் தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டினார்கள். அப்போதும் ராணியின் கட்டைவிரல்கள் துடித்துக்கொண்டிருந்தன.

ஆஸ்பத்திரியில் நாலு நாள் இருந்தாள். முதல் நாள் ஒரு சின்ன வயது டாக்டர் வந்து, எப்படி விழுந்தாள், இதற்கு முன்னால் எப்போதாவது வலிப்பு வந்திருக்கிறதா என்று ஹிந்தியில் கேட்டார். அம்மா பக்கத்தில் இருந்தாள். சுரேந்திரன் மருந்துச் சீட்டோடு கதவோரம் நின்றான். “நஹி” என்றேன். அம்மாவும் இல்லையென்று தலையாட்டினாள். டாக்டர் எழுதிக்கொண்டு போனார். ஐந்தாம் நாள் விடிந்ததும் ராணி போய்விட்டாள்.

கன்னிப்பெண் செத்தால் எங்கள் பக்கத்தில் தெய்வமாக்கிக் கும்பிடுவது வழக்கம். அம்மனே கூட்டிக்கொண்டு போன கன்னி என்றால் கேட்கவா வேண்டும்? பதினாறாம் நாள் பூலோகம் பெரியப்பா வந்து, எங்கள் ஒற்றை அறையின் மூலையில் பலகை போட்டு, சிவப்புப் பட்டு வைத்து, விளக்கேற்றினார். சந்துப் பெண்கள் வளையலும் மஞ்சளும் கொண்டுவந்து வைத்தார்கள். சுரேந்திரனின் அம்மா முகூர்த்தச் சேலையையே கொண்டுவந்து வைத்துவிட்டு, “எங்க வீட்டுக்கு வரவேண்டிய தெய்வம்” என்று அழுதாள். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். கையில் கட்டு இன்னும் பிரிக்கவில்லை.

மூன்று மணிக்கு எல்லாரும் சாப்பிட்டுப் போனார்கள். அம்மா கதவைச் சாத்திவிட்டு, வந்த சேலைகளை ஒவ்வொன்றாக மடித்து அடுக்கினாள். இனிமேல் பொறுத்தால் செத்துவிடுவேன் என்று தோன்றியது.

“யம்மா, அவளுக்கு வந்தது சாமி இல்ல. வலிப்பு” என்றேன். ஆரம்பித்த பிறகு நிற்கவில்லை. ராக்கெட், எச்சரிக்கையை அணைத்தது, மன்சூர் பாய் சொன்னது, ராணி கேட்டது, நான் சொன்ன பொய், ஊர்வலத்தில் வாயை மூடிக்கொண்டது, எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மா அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

அவள் சேலை மடிப்பை நிறுத்தவில்லை.

“எனக்குத் தெரியும்ல” என்றாள்.

“எப்பிடி?” என்றேன்.

“அவ ஏழாங்கிளாஸ் படிக்கையில டிவி முன்னால விழுந்தா. நீ அப்ப ஊர்ல ஐடிஐ ஹாஸ்டல்ல இருந்த. டாக்டரு மாத்திரை எழுதிக் குடுத்தாவ. அஞ்சு வருசம் நிப்பாட்டாம போடணும்னாவ. ஆறு மாசம் குடுத்தேன், மறுபடி வரல. மாத்திரையப் பாத்து எவளாவது என்னதுன்னு கேட்டா என்ன சொல்ல? பொம்பளப் பிள்ள. நிப்பாட்டிட்டேன். அவகிட்டயும் சொல்லல, காய்ச்சல்னுட்டேன்.”

“அப்பம் கோயில்ல விழுந்தப்ப?”

“பாத்த ஒடனே தெரிஞ்சிட்டு.” அம்மாவின் கை இப்போதுதான் நின்றது. “பக்கத்துல நின்னவ வாயில அந்த வார்த்த வந்துரக் கூடாதேன்னு இருந்திச்சு. எங்கம்மா வந்துட்டான்னு மொதல்ல கத்துனது யாருன்னு நெனைக்க? நாந்தாம்ல.”

ஒரு மாதமாக இந்தப் பத்தடி அறையில் நான் அவளுக்குத் தெரியாமல் மறைத்தேன், அவள் எனக்குத் தெரியாமல் மறைத்தாள். நடுவில் ராணி படுத்துத் தூங்கினாள்.

“நான் வெளிய சொல்லப் போறேன்” என்றேன். “பூலோகம் பெரியப்பாட்ட, சுரேந்திரங்கிட்ட, எல்லார்ட்டயும்.”

“சொல்லு. யாரு வேண்டாங்கா?” அம்மா மூலைப் பலகையைப் பார்த்தாள். அழவில்லை. “சொன்னேன்னா நாளைக்கு அவ சாமி இல்லன்னு ஆயிரும். சாமி இல்லன்னா பெறவு அவ யாரு? நீயும் நானும் சேந்து தீயக் கையில குடுத்த பிள்ள. அத வச்சிக்கிட்டு உன்னால இருக்க முடியும்னா போய்ச் சொல்லு. என்னால முடியாதுல.”

யாரோ கதவைத் தட்டினார்கள். “முருகம்மாக்கா, கன்னித்தாய்க்கு வளையல் கொண்டாந்திருக்கேன், தெறங்க” என்று ஒரு பெண் குரல் கேட்டது. அம்மா நகரவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து போய்க் கதவைத் திறந்து, “உள்ள வாங்க, விபூதி எடுத்துக்கிடுங்க” என்றேன்.